மாவு போனது, மற்றதெல்லாம் மூன்று மடங்கு: எத்தனால் ஆலைச் சக்கையைத் தீவனமாக்கும் முன் ஒரு கணக்கு

கடந்த சில ஆண்டுகளாக உங்கள் ஊர்த் தீவனக் கடையில் ஒரு புது மூட்டை இடம் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ரவை போல நொறுநொறுவென்று, பொன்னிறமாகவோ பழுப்பாகவோ, லேசாகப் புளித்த மாவு வாசத்தோடு ஒரு பொருள் இருக்கும். மூட்டையின் மேல் டி.டி.ஜி.எஸ். என்று அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரரைக் கேட்டால், 'எத்தனால் ஆலையில் இருந்து வருகிறது, புரதம் அதிகம், கடலைப் புண்ணாக்கைவிட விலை குறைவு' என்பார். மூன்றுமே உண்மைதான். இதுவரை நீங்கள் இதைத் தனியாக வாங்கியதில்லை என்றாலும், கம்பெனி கலப்புத் தீவனம் வாங்குகிறவர் என்றால் உங்கள் மாடு ஏற்கெனவே இதைத் தின்றுகொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

இந்தச் சக்கையைத் தீவனமாக்குவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள். கழிவு என்று ஒதுக்க வேண்டியது பாலாகவும் முட்டையாகவும் மாறுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் பெரும்பகுதி சரி. ஆனால் அந்த நன்மை தானாக வந்துவிடுவதில்லை. ஆலை எந்தத் தானியத்தை வாங்குகிறது, எதை எரித்துக் காய வைக்கிறது, கடைசியில் உங்கள் மாட்டுச் சாணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் கையில் இருக்கிறது.

ஆலைக்குள் நடப்பது என்ன?

மக்காச்சோளத்தை அரைத்துத் தண்ணீர் விட்டுக் கூழாக்குகிறார்கள். நொதிகளைச் சேர்த்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டு இரண்டு, இரண்டரை நாள் புளிக்க விடுகிறார்கள். பிறகு காய்ச்சி வடித்தால் எத்தனால் மேலே போய்விடும். அடியில் நிற்கும் கஞ்சியைச் சுழற்றிப் பிரித்தால் கெட்டியான ஈரச் சக்கை ஒரு பக்கம், தெளிந்த கழிவுநீர் ஒரு பக்கம். அந்த நீரையும் கொதிக்க வைத்துப் பாகாக்கிச் சக்கையோடு கலந்து, உலர்த்தி எடுத்தால் டி.டி.ஜி.எஸ். தயார்.

100 கிலோ மக்காச்சோளம் உள்ளே போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எத்தனாலாகவும், ஒரு பங்கு கரியமில வாயுவாகவும், ஒரு பங்கு சக்கையாகவும் வெளியே வரும். ஆலை எடுத்துக்கொள்வது மாவுச்சத்தை மட்டும்தான். அது போய்விட்டதால் மிச்சம் இருப்பதெல்லாம் செறிந்துவிடுகிறது. மக்காச்சோளத்தில் 8, 9 சதவீதமாக இருந்த புரதம் சக்கையில் 26 முதல் 30 சதவீதம். 0.28 சதவீதமாக இருந்த பாஸ்பரஸ் 0.8 சதவீதம். அரிசிக் குருணையில் இருந்து வரும் சக்கையில் புரதம் 40 சதவீதத்தையும் தாண்டும். இந்த 'மூன்று மடங்கு' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லதும் கெட்டதும் இதில் இருந்துதான் வருகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் சாராய ஆலைக் கழிவு என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பழுப்பு நிறத்தில் மாறிப்போன கிணற்று நீர்தான். அது சர்க்கரை ஆலையை ஒட்டிய, கரும்பு மொலாசஸில் இருந்து காய்ச்சும் ஆலைகளின் கதை. ஒரு லிட்டர் சாராயத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை கழிவுநீர் வரும். அதில் சாம்பல் சத்து நிறைய உண்டு, தீவனமாக்கும்படி புரதம் இல்லை. அதனால்தான் அதை எரித்துச் சாம்பலை உரமாக்குகிறார்கள், அல்லது பிரஸ்மட்டோடு சேர்த்து மக்க வைக்கிறார்கள். நாம் இங்கே பேசுவது தானியத்தில் இருந்து காய்ச்சும் ஆலையின் சக்கையைப் பற்றி. இரண்டும் வேறு வேறு.

அதற்காகத் தானிய ஆலை ஊருக்குத் தொந்தரவே தராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சாபில் ஜீரா அருகே ஒரு தானிய எத்தனால் ஆலை நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று புகார் சொல்லி, 2022 ஜூலையில் இருந்து விவசாயிகள் மாதக்கணக்கில் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் ஆலையை மூடும்படி அந்த மாநில முதல்வர் அறிவித்தார்.

தானிய ஆலையின் கழிவுக் கஞ்சியை அப்படியே ஓடையில் விட்டால் அது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சி மீனைக் கொன்றுவிடும். அதையே பாகாக்கி, சக்கையோடு சேர்த்து, மூட்டை கட்டி விற்றால் வெளியே விட எதுவும் இருக்காது. ஆக, தீவன விற்பனைதான் இந்த ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும்கூட. மாட்டுக்காரர்கள் வாங்கும் வரை அது சரக்கு. வாங்காவிட்டால் அன்றே கழிவு.

உரம் முழுவதும் சக்கையில்தான்

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030-ல் இருந்து 2025-க்கு முன்னால் கொண்டுவந்தது மத்திய அரசு. கரும்பு மட்டும் போதாது என்று தானியத்தின் பக்கம் திரும்பியதில், இன்று நாட்டில் எத்தனாலுக்கு மிக அதிகம் பயன்படும் மூலப்பொருள் மக்காச்சோளம்தான். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். அப்படியானால் 100 கோடி லிட்டருக்கு 26 லட்சம் டன் மக்காச்சோளம் வேண்டும், எட்டு லட்சம் டன் அளவுக்குச் சக்கை வரும். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மியான்மரில் இருந்தும் உக்ரைனில் இருந்தும் இறக்குமதி செய்தது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு அந்த விலை ஏற்றம் இன்னும் மறந்திருக்காது.

பெரம்பலூரிலோ விருதுநகரிலோ மக்காச்சோளம் போடுகிறவருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு டன் மணியில் சுமார் 14 கிலோ தழைச்சத்து வயலை விட்டுப் போகிறது. அது 30 கிலோ யூரியாவுக்குச் சமம். மணிச்சத்து ஆறு கிலோவுக்கு மேல், அதாவது 40 கிலோ சூப்பர் பாஸ்பேட். சாம்பல் சத்தாக ஏழு கிலோ பொட்டாஷ் உரம். எத்தனாலில் இருப்பது கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. எனவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரத்தில் மணிக்குப் போன பங்கு ஒரு துளியும் பெட்ரோல் டேங்குக்குப் போவதில்லை, முழுக்கவும் சக்கையில்தான் தங்குகிறது.

அந்தச் சக்கையை மாடு தின்று, சாணம் மறுபடி வயலுக்குப் போனால் சுற்று முடிகிறது. தீவனமாக்குவதன் உண்மையான சுற்றுச்சூழல் லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான். சக்கையைக் கொதிகலனில் எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். ஆனால் பெரம்பலூர் மக்காச்சோளத்தின் உரம் வேறொரு மாவட்டத்துக் கோழிப் பண்ணையின் எருக்குவியலில் போய்ச் சேர்ந்து, மழையில் கரைந்து ஓடினால் சுற்று பாதியில் அறுந்துபோகும்.

காய வைக்கும் செலவு

ஆலையில் இருந்து வரும்போது சக்கையில் 65 சதவீதம் தண்ணீர். அதைப் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைக்க முடியும். அமெரிக்க ஆலைகளில் செலவாகும் மொத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த உலர்த்தலுக்கே போகிறது. நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் மக்காச்சோளத்துக்கு வரும் 300 கிலோ உலர் சக்கையைப் பெற 470 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் நம் நாட்டு நிலக்கரியில் 90 முதல் 100 கிலோ வரை எரியும். தோராயமாக, நீங்கள் வாங்கும் மூன்று கிலோ சக்கைக்கு ஒரு கிலோ நிலக்கரி. உமியையோ வேறு பயிர்க்கழிவையோ எரிக்கும் ஆலை என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு மோசமாக இருக்காது.

ஈரத்தோடு அப்படியே வாங்கிக்கொண்டால் என்ன? பீர் ஆலைக்குப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் பார்லிச் சக்கையைப் பல காலமாக அப்படித்தான் வாங்கிப் போடுகிறார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆலையும் மாட்டுப் பண்ணையும் அருகருகே இருப்பதால் சக்கையில் பெரும்பகுதி உலராமலே தீவனத் தொட்டிக்குப் போகிறது.

தண்ணீரை லாரியில் ஏற்றி டீசலை வீணாக்கலாமா என்று கேட்கலாம். ஆலை 60 கிலோமீட்டரில் இருக்கிறது, பத்து டன் லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வர 30 லிட்டர் டீசல். அதில் இருந்து வரும் கரியமில வாயு 80 கிலோ. அதே சரக்கை நிலக்கரியில் காய வைத்திருந்தால் ஏறக்குறைய 1.2 டன் நிலக்கரி எரிந்து, இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு வந்திருக்கும். கணக்கைப் போட்டபோது இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. புகையை மட்டும் பார்த்தால் 200 கிலோமீட்டர் தள்ளிக்கூட ஈரச் சக்கைதான் மேல்.

தடையாக நிற்பவை இரண்டு. ஒன்று வாடகை. விலையை எப்போதும் உலர் எடைக்கு மாற்றிப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஈரச் சக்கை கிலோ ஏழு ரூபாய் என்றால் அதில் சரக்கு 350 கிராம்தான், உலர் எடையில் கிலோ 20 ரூபாய் ஆகிறது. உலர் சக்கை கிலோ 20 ரூபாய் என்றால் அதில் 900 கிராம் சரக்கு, ஆக 22 ரூபாய். வித்தியாசம் இரண்டு ரூபாய்தான். ஏழு ரூபாயில் வாடகை சேரவில்லை என்றால் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

இன்னொன்று கெட்டுப்போவது. நம் வெயிலில் ஈரச் சக்கை இரண்டு, மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மேலே பூஞ்சை கட்டிவிடும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு நான்கு கிலோ ஈரச் சக்கை என்று வைத்தால், பத்து டன் லோடை மூன்று நாளில் தீர்க்க 800 மாடுகளுக்கு மேல் வேண்டும். ஐந்து மாடு வைத்திருப்பவர் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. பால் கூட்டுறவு சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ முன்வந்து, ஆலையோடு பேசி, வாரம் இரண்டு லோடு இறக்கிப் பிரித்துக்கொடுத்தால் நடக்கும். இந்தப் பக்கத்தைப் படிக்கும் விரிவாக்க அலுவலர்கள் இதை யோசிக்கலாம்.

மிஞ்சுவதைக் குழியில் போட்டு வைக்கவும் வழி இருக்கிறது. 100 கிலோ ஈரச் சக்கைக்கு 15 முதல் 20 கிலோ நறுக்கிய உலர் தட்டையோ வைக்கோலோ சேர்த்துக் கலந்து, ஊறுகாய்ப்புல்லுக்குச் செய்வது போலக் காற்றுப் புகாமல் மிதித்து, பாலித்தீன் தாளால் மூடி, மேலே பாரம் வையுங்கள். தட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சக்கை ஏற்கெனவே புளிப்பாக இருப்பதால் நன்றாக நிற்கும். மாடு ஒதுக்கிவிடும் தட்டைக்கும் ருசி ஏறிவிடும்.

மாட்டின் வயிற்றைத் தாண்டி

சக்கையில் உள்ள கொழுப்பால் மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேன் சற்றுக் குறையும். 'பருவநிலைக்கு ஏற்ற தீவனம்' என்று விளம்பரம் செய்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கனடாவில் இறைச்சி மாடுகளில் நடந்த ஆய்வுகளில், அதிக அளவு சக்கை கொடுத்தபோது மீத்தேன் குறைந்தது, ஆனால் தேவைக்கு மேல் போன புரதம் சிறுநீரில் தழைச்சத்தாக வெளியேறி, அதில் இருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு கூடியது தெரிந்தது. ஒரு கையில் வந்தது மறு கையில் போய்விட்டது.

கறவை மாடு தின்னும் தழைச்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் பாலுக்குப் போகிறது. மீதி சாணத்திலும் கோமியத்திலும் வருகிறது. கொட்டகைக்குள் நுழையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அது உங்கள் காசு காற்றில் போகும் வாசனை. சக்கை போட ஆரம்பித்த பிறகு அந்த நெடி கூடினால் அளவு அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள். புண்ணாக்குக்குப் பதிலாகத்தான் இதைச் சேர்க்க வேண்டும், புண்ணாக்கும் போட்டு அதற்கு மேல் இதையும் போடுவது வீண். அடர்தீவனக் கலவையில் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்ட வேண்டாம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஒன்றரை கிலோ உலர் சக்கை தாராளம்.

தவிடும் சக்கையும் சேரும்போது பாஸ்பரஸ் எகிறிவிடும். இரண்டு கிலோ கோதுமைத் தவிட்டில் 20 கிராம், ஒன்றரை கிலோ சக்கையில் 12 கிராம். பத்து லிட்டர் மாட்டின் ஒரு நாள் தேவையே சுமார் 30 முதல் 40 கிராம்தான், அதில் பசுந்தீவனத்தில் வருவது தனி. இதற்கு மேல் பாஸ்பரஸ் மிகுந்த தாது உப்பை அள்ளிப் போட்டால் அது சாணத்தோடு போய், மழைநீரில் குளத்துக்கு இறங்கி, பாசியாகப் படரும். மாறாகச் சக்கையில் கால்சியம் அநேகமாக இல்லை. சக்கை சேர்க்கும்போது தவிட்டைக் குறைத்து, கால்சைட் தூளைக் கூட்டுவது எப்படி என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இதில் ஒரு மிச்சம் உண்டு. ஈஸ்ட் வேலை செய்ததால் சக்கையில் உள்ள பாஸ்பரஸ் கோழிக்கு எளிதில் செரிக்கும், டி.சி.பி. அளவைக் குறைக்கலாம். ஆனால் லைசின் குறைவு என்பதால் தீவனத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போவது நல்லதல்ல.

சக்கையை மட்டுமே நம்பி மாடு வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1850-களில் நியூயார்க்கில் சாராய ஆலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டகைகளைக் கட்டி, கொதிக்கும் கழிவுக் கஞ்சியைக் குழாயில் நேராகத் தொட்டிக்கு விட்டார்கள். வேறு தீவனம் அநேகமாகக் கிடையாது. பசுக்களின் உடம்பில் புண், பல் விழுந்தது. நீலம் பாரித்த அந்தப் பாலில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து விற்றார்கள். 1858-ல் பிராங்க் லெஸ்லியின் படப் பத்திரிகை இதைப் படம் போட்டு அம்பலப்படுத்திய பிறகுதான் ஊர் விழித்தது. கஞ்சியின் மேல் மட்டும் பழி போட முடியாது. பச்சைப் புல்லும் நடமாட்டமும் இல்லாமல், அது ஒன்றை மட்டுமே போட்டதுதான் தவறு.

புண்ணாக்குக்குப் பதில் என்றால்?

சக்கை மலிவாக வந்ததால் சோயாப் புண்ணாக்குக்குத் தேவை குறைந்து, சோயா விலை சரிந்ததாக எண்ணெய் பிழியும் ஆலைக்காரர்கள் முறையிடுகிறார்கள். 2024-25 பருவத்தில் சோயாவுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். சந்தையில் பல இடங்களில் அதற்குக் கீழேதான் போனது. நம் நிலக்கடலைக்காரரும் இதில் இருந்து தப்ப முடியாது. புண்ணாக்கு விலை இறங்கினால் செக்குக்காரர் கடலைக்குத் தரும் விலையும் இறங்கும்.

பிரேசிலில் இருந்து சோயா இறக்குமதி செய்யும் ஐரோப்பிய நாட்டுக்கு, சக்கை போட்டால் தொலைவில் ஏதோ காட்டின் மேல் சுமை குறைகிறது என்று சொல்லலாம். நம் நாட்டில் அந்த வாதம் அப்படியே பொருந்தாது. இங்கே கடலையும் சோயாவும் வேரில் தாமே தழைச்சத்தைச் சேர்ப்பவை, மானாவாரியிலும் வருபவை. அவை போன இடத்தில் மக்காச்சோளம் வந்தால் யூரியா மூட்டை கூடவே வரும். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு எண்ணெய் வித்துப் பரப்பை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இது மாடு வளர்ப்பவர் தீர்க்கக்கூடிய விஷயம் இல்லைதான். ஆனால் கடலை போட்டுக்கொண்டு நான்கு மாடும் வைத்திருப்பவர், தன் புண்ணாக்கை விற்றுவிட்டுச் சக்கை வாங்கும் முன் இரண்டு முறை யோசிக்கலாம்.

நச்சும் மூன்று மடங்கு

இனி கவனமாகப் படியுங்கள். மாவுச்சத்து போனபின் புரதம் மூன்று மடங்கு ஆனது போலவே, மணியில் பூஞ்சை நச்சு இருந்தால் அதுவும் மூன்று மடங்கு ஆகும். காய்ச்சி வடிக்கும் சூட்டில் அஃப்ளாடாக்சின் அழிவதில்லை. எத்தனால் திட்டத்தில், மனிதர் உண்ணத் தகாத சேதமடைந்த தானியத்தையும் வாங்க அனுமதி உண்டு. காருக்குப் பூஞ்சை தெரியாது. மாட்டுக்குத் தெரியும்.

கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 40 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின் இருந்தது என்று வைப்போம். சக்கையில் அது 120. மூன்று கிலோ போட்டால் மாட்டின் வயிற்றுக்குள் 360. அதில் நூற்றில் இரண்டு பங்கு பாலுக்கு வந்தாலும் ஏழு மைக்ரோகிராமுக்கு மேல். பத்து லிட்டர் பாலுக்குப் பிரித்தால் லிட்டருக்கு 0.7. பாலில் இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.5. ஒன்றரை கிலோவோடு நிறுத்தியிருந்தால் 0.36-ல் தப்பியிருக்கும். கடலைப் புண்ணாக்கில் இருந்து வருவதையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பாலைக் காய்ச்சினாலும் இந்த நச்சு போகாது, அதைக் குடிப்பது உங்கள் வீட்டுக் குழந்தையும்தான்.

பூஞ்சை மட்டுமல்ல, மணியோடு போகும் பூச்சிமருந்தும் சக்கையில்தான் தங்கும். நெப்ராஸ்காவில் மீட் என்ற சிற்றூரில் ஒரு எத்தனால் ஆலை, விற்காமல் போன விதை மக்காச்சோளத்தை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. பூச்சிமருந்து நேர்த்தி செய்த விதை அது. எத்தனால் நன்றாகவே வந்தது. சக்கையில் தயாமீதாக்சாம், குளோத்தியானிடின் போன்ற மருந்துகள் மிக அதிகமாக இருந்ததால் எந்த மாட்டுக்கும் போட முடியவில்லை. வயலுக்கு எருவாகக் கொட்டினார்கள், 2019-ல் மாநில அரசு அதையும் தடுத்தது. மலை மலையாகக் குவிந்தது. அருகே பல்கலைக்கழகம் வைத்திருந்த தேனீப் பெட்டிகள் அடுத்தடுத்துக் காலியாயின. 2021 பிப்ரவரியில் ஆலையை மூட உத்தரவு வந்தது. அதே மாதம் குளிரில் ஒரு குழாய் வெடித்து, சுமார் ஒன்றரைக் கோடி லிட்டர் கழிவுக் கூழ் ஓடைகளிலும் வயல்களிலும் பாய்ந்தது.

நம் ஊரிலும் படைப்புழுவுக்காகத் தயாமீதாக்சாம் கலந்த மருந்தில் விதைநேர்த்தி செய்த மக்காச்சோளம் விற்பனைக்கு வருகிறது. விதைத்தது போக மிஞ்சும் அந்தச் சாயம் பூசிய விதையைத் தானிய வியாபாரியின் மூட்டையில் தள்ளிவிடாதீர்கள். அரை கிலோதானே என்று தோன்றும். உங்கள் தெருவில் பத்துப் பேருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மக்காச்சோளம் விற்கிறவர் செய்யக்கூடியது, கதிரை நன்றாக முற்றவிட்டு ஒடித்து, ஈரம் 12 முதல் 14 சதவீதத்துக்கு இறங்கும் வரை களத்தில் காய வைத்துவிட்டு மூட்டை பிடிப்பது. எத்தனால் ஆலைக்குத்தானே போகிறது என்று நனைந்ததைத் தள்ளினால், அது சுற்றி வந்து யாரோ ஒருவர் வீட்டுப் பசுவின் முன்னால் நிற்கும்.

வாங்குகிறவர் முதலில் நிறத்தைப் பாருங்கள். பொன்னிறம் நல்லது. காப்பிக்கொட்டை நிறமும் கருகிய வாடையும் இருந்தால் உலர்த்தும்போது சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். அதில் உள்ள புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தோடு போய்விடும், எரிபொருளும் வீண், உங்கள் காசும் வீண். ஈர வாடை, கட்டி, பச்சை அல்லது கறுப்புப் புள்ளி தென்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூட்டையில் அச்சிட்ட புரத அளவை அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வகச் சோதனை அளப்பது தழைச்சத்தைத்தான். யூரியாவைக் கலந்திருந்தாலும் அது புரதம் போலவே காட்டும். அதனால் சோதனைக்குக் கொடுக்கும்போது புரதம், யூரியா, அஃப்ளாடாக்சின் மூன்றையும் கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கந்தகம் அதிகமுள்ள ஊர் என்றால் கந்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலையில் கந்தக அமிலம் பயன்படுத்துவதால் சக்கையிலும் அது இருக்கும், இரண்டும் கூடினால் மாட்டின் மூளையைப் பாதிக்கும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. பூஞ்சை நச்சு ஒரு மூட்டைக்குள்ளேயே ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. எனவே ஒரே மூட்டையின் வாயில் இருந்து ஒரு கை அள்ளி அனுப்பாமல், பத்து மூட்டையின் மேல், நடு, அடி என்று எடுத்து, ஒரு சாக்கில் கொட்டிப் புரட்டி, அதில் இருந்து அரை கிலோவைக் காகிதப் பையில் போட்டு, வாங்கிய தேதியையும் மூட்டையில் உள்ள தொகுதி எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஒருவருக்குச் சோதனைக் கட்டணம் சுமையாகத் தெரிந்தால், ஒரே லோடில் வாங்கிய பத்துப் பேர் சேர்ந்து ஒரு மாதிரி கொடுத்தால் போதும்.